ஜாதகத்தில் கிரகம் அல்லாத புள்ளிகளுக்குப் புராணம் எங்கிருந்து வந்தது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். ராகு, கேது, மாந்தி மூன்றும் வானத்தில் பார்க்கக்கூடிய கிரகங்கள் இல்லை, கணக்குப் போட்டால் கிடைக்கும் புள்ளிகள். மேல்நாட்டு ஜாதகங்களில் லிலித், பார்ச்சூன் என்று இன்னும் சில வருகின்றன. வெறும் புள்ளிக்கு அசுரன், பாம்பு, சனியின் பிள்ளை என்றெல்லாம் கதை எப்படி ஒட்டிக்கொண்டது? அந்தக் கதையிலிருந்து பலன் எடுக்கலாமா?

இந்தக் கதைகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. சில கதைகள் வானத்தைப் பார்த்துப் பிறந்தவை. சில, நேரக் கணக்கிலிருந்து பிறந்தவை. இன்னும் சிலவற்றில் முதலில் பெயர் வைத்தார்கள், கதை அந்தப் பெயரோடு கூடவே வந்துவிட்டது. மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது.

ராகுவிலிருந்து தொடங்கலாம். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாற்கடலைக் கடைந்து அமுதம் வந்ததும் மோகினி அதைப் பந்தி வைத்துப் பரிமாறுகிறாள். சுவர்பானு என்ற அசுரன் தேவர் வேஷம் போட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்துவிடுகிறான். சூரியனும் சந்திரனும் காட்டிக் கொடுக்கிறார்கள். சக்கரம் பாய்ந்து தலை வேறு உடல் வேறு ஆகிறது. நம் பக்கத்துச் செவிவழிக் கதையில் சக்கரம்கூட இல்லை, மோகினி கையில் இருந்த அகப்பையாலேயே ஒரு போடு போட்டுவிடுகிறாள். அமுதம் தொண்டையைத் தொட்டுவிட்டதால் சாவு இல்லை. தலை ராகு, உடல் கேது. காட்டிக் கொடுத்த இருவரையும் அவ்வப்போது பிடித்து விழுங்குகிறார்கள்.

இப்போது வானத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சூரியன் நகர்வதாகத் தெரியும் பாதை ஒன்று, சந்திரன் போகும் பாதை ஒன்று. இரண்டும் ஏறக்குறைய 5 பாகை சாய்மானத்தில், ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு வளையல்கள் போல, எதிரெதிரே இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. சந்திரன் வடக்கு நோக்கி ஏறும்போது கடக்கும் இடம் ராகு. தெற்கு நோக்கி இறங்கும்போது கடப்பது கேது. அமாவாசையோ பௌர்ணமியோ இந்த இடங்களுக்குப் பக்கத்தில் நடந்தால்தான் கிரகணம். மற்ற மாதங்களில் சந்திரன் சற்று மேலாகவோ கீழாகவோ விலகிப் போய்விடும்.

இதைத் தெரிந்துகொண்டு கதையைத் திரும்பப் படித்தால் ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி தெரியும். அசுரன் பந்தியில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவில் உட்கார்ந்தான் என்று சொல்வது வழக்கம். அந்த இருவரின் பாதைகளும் சந்திக்கிற இடமே அவன்தான். ஏன் வெட்டுப்பட்டு இரண்டாக வேண்டும்? வெட்டும் புள்ளிகள் இரண்டு, எப்போதும் சரியாக 180 பாகை தள்ளி. ஏன் சாவில்லை? கிரகணம் ஒரு தடவையோடு முடிகிற சங்கதி இல்லை. விழுங்கிய சூரியன் ஏன் திரும்ப வெளியே வருகிறது? தலைக்குக் கீழே வயிறு இல்லையே, கழுத்து வழியாக வெளியே வந்துதான் ஆக வேண்டும். 2019 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டில் பல ஊர்களில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது நினைவிருக்கலாம். அன்றைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கள், சூரியனும் சந்திரனும் தனுசில், கேதுவும் அதே தனுசில். கதை தெரியாத ஒருவர்கூட கேது நின்ற இடத்தை வைத்தே அன்றைக்குக் கிரகணம் வர வாய்ப்பு உண்டு என்று சொல்லியிருக்க முடியும்.

ஆனால் இந்தக் கதை ஒரே நாளில் இந்த வடிவத்துக்கு வந்துவிடவில்லை. ரிக் வேதத்தின் 5-ஆம் மண்டலத்தில் சுவர்பானு சூரியனை இருளால் துளைக்கிறான், அத்திரி முனிவர் சூரியனைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். அங்கே தலை வெட்டுவதும் இல்லை, அமுதமும் இல்லை. மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் அமுதக் கதை வருகிறது. வெட்டுண்ட ராகுவின் தலை வானத்துக்கு எழும்புகிறது, உடல் பூமியில் விழுந்து நிலம் அதிர்கிறது. அந்த உடல்தான் கேது என்று அங்கே சொல்லவில்லை. கேது என்றால் பழைய நூல்களில் பெரும்பாலும் வால் நட்சத்திரங்கள், அதுவும் ஒன்றல்ல, ஒரு கூட்டம். 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருஹத் சம்ஹிதையில் ராகுவுக்கு ஒரு அத்தியாயம், கேதுக்களுக்குத் தனியாக ஒரு அத்தியாயம். கேது அத்தியாயம் முழுக்க வால் நட்சத்திரம் பற்றித்தான். பிறகு எப்போதோ வால் நட்சத்திரத்தின் பெயர் எதிர்ப்புள்ளிக்குப் போய், தலையில்லாத உடலுக்கும் பொருந்திவிட்டது.

அதே வராகமிகிரர் ராகு அத்தியாயத்தில் கிரகணத்துக்குக் காரணம் அசுரன் இல்லை என்று வெளிப்படையாகவே எழுதுகிறார். சந்திர கிரகணத்தில் சந்திரன் பூமியின் நிழலுக்குள் போகிறது, சூரிய கிரகணத்தில் சந்திரன் சூரியனை மறைக்கிறது என்கிறார். அவருக்கு முன்பே, 499-ஐ ஒட்டி எழுதிய ஆரியபட்டரும் இதைத்தான் சொன்னார். ஆக, நம் முன்னோர் பாம்பு விழுங்குவதாகவே நம்பிக்கொண்டிருந்தார்கள் என்று யாராவது கேலி செய்தால் அது பாதி உண்மைதான். கணக்குப் போட்டவர்களுக்கு நிழல் என்று தெரியும். தெரிந்தும் பெயரை மாற்றவில்லை. வழக்கில் இருந்த பெயரை வைத்துக்கொண்டே கணக்கைச் சரியாகச் செய்தார்கள்.

தமிழில் பார்த்தால் அசுரனைவிடப் பாம்புதான் பழையது. சங்கப் பாடல்களிலேயே பாம்பு விழுங்கிய திங்கள் உவமையாக வருகிறது. 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் கோளறு பதிகத்தில் ஏழு கிரகங்களையும் பெயர் சொல்லி அடுக்கிவிட்டு, ராகு கேதுவை மட்டும் "பாம்பிரண்டும்" என்று முடித்துவிடுகிறார். கோயில்களில் ராகுவுக்கு மனித முகமும் பாம்பு உடலும், கேதுவுக்குப் பாம்புத் தலையும் மனித உடலும் வைத்திருப்பது இந்த இரண்டு மரபையும் இணைத்துத்தான். அசுரனிடம் எது மிச்சமோ அது மனிதம், இல்லாத பாகத்துக்குப் பாம்பு. மேல்நாட்டிலும் இதே இரு புள்ளிகள் டிராகனின் தலை, டிராகனின் வால். சந்திரன் ஒரு முறை ராகுவைக் கடந்து மறுபடி அதே இடத்துக்கு வர ஆகும் சுமார் 27.2 நாளை வானியல்காரர்கள் இன்றைக்கும் டிராகோனிக் மாதம் என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, பலன் சொல்லும் இடத்துக்கு வருவோம். தலை மட்டும் இருப்பதால் ராகுவுக்குப் பசி உண்டு, நிறைவு இல்லை. ஆசை, வெளிநாடு, குறுக்கு வழி, திடீர் ஏற்றம் எல்லாம் அதன் கணக்கில் வந்தன, போககாரகன் ஆனது. உடல் மட்டும் இருப்பதால் கேதுவுக்குக் கண்ணும் வாயும் இல்லை, உலகத்தைப் பார்த்து ஏங்க வழியில்லை. துறவு, மோட்சம், பற்றறுதல், ஞானகாரகன். கதையின் உருவத்திலிருந்து குணத்தை எடுக்கும் இந்த முறை கவித்துவமாக இருக்கிறது, பொருத்தமாகவும் இருக்கிறது. இரண்டுக்கும் சொந்த வீடு கிடையாது, நின்ற வீட்டு அதிபதியின் பலனைத் தரும் என்ற விதியையும் நிழலுக்குச் சொந்த உருவம் இல்லை என்பதோடு சேர்த்துப் படிக்கலாம்.

ஆனால் கதை எங்கே நின்றுவிடுகிறது என்றும் பார்க்க வேண்டும். சூரியனோ சந்திரனோ ராகுவோடு சேர்ந்தால் கிரகணத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. செவ்வாயோ சுக்கிரனோ சேர்ந்தால்? அது சந்திரன் பாதை வெட்டும் புள்ளி. செவ்வாயின் பாதைக்கு வெட்டும் புள்ளி வேறு. சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூல் ஒவ்வொரு கிரகத்துக்கும் தனித்தனிப் பாதம், அதாவது வெட்டும் புள்ளி, கொடுத்துத்தான் கணக்குப் போடுகிறது. எனவே செவ்வாய்-ராகு சேர்க்கைக்குச் சொல்லும் பலன் வானத்திலிருந்து வரவில்லை, ராகு என்ற பாத்திரத்தின் குணத்தை நீட்டிச் சொல்வது. நீட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நீட்டியது என்று தெரிந்தே செய்ய வேண்டும்.

இன்னொரு முடிச்சும் அடிக்கடி போடப்படுகிறது. ராகு ராசிச் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்ற 18.6 வருஷம் ஆகிறது, ராகு தசையும் 18 வருஷம், பார்த்தீர்களா என்பார்கள். கேதுவும் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. அதன் தசை 7 வருஷம். முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

சூரிய சித்தாந்தம் என்றதும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அதன் இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில், மந்தோச்சம், சீக்கிரோச்சம், பாதம் ஆகிய மூன்றும் கண்ணுக்குத் தெரியாத, காலத்தின் உருவங்கள் என்றும், அவை ராசி வட்டத்தில் இருந்துகொண்டு காற்றுக் கயிறுகளால் கிரகங்களை இழுக்கின்றன என்றும் வருகிறது. வெறும் கணிதப் புள்ளியை ஆளாக நிறுத்திக் கையில் கயிற்றையும் கொடுத்துவிட்டார்கள். இதில் சந்திரனின் பாதம்தான் ராகு. சந்திரனின் மந்தோச்சம் என்பது சந்திரன் பூமியிலிருந்து மிகத் தொலைவில் போகும் இடம். இரண்டும் ஒரே நூலில், ஒரே வரிசையில், ஒரே மாதிரி கயிற்றோடு நிற்கின்றன. ஒன்றுக்கு அசுரன் கதை வந்தது, கோயில் வந்தது, தினமும் ஒன்றரை மணி நேர ராகுகாலம் வந்தது. மற்றதற்கு ஒன்றுமே வரவில்லை. காரணம் எளிது. பாதத்தில் கிரகணம் நடக்கிறது, பட்டப்பகல் இருட்டாகிறது, ஊரே பார்க்கிறது. மந்தோச்சத்தில் சந்திரன் கொஞ்சம் சிறிதாகத் தெரியும், அவ்வளவுதான். பூமியிலிருந்து சுமார் 3,63,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சந்திரனுக்கும் 4,05,000 கிலோமீட்டரில் இருக்கும் சந்திரனுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சாதாரணமாக நிமிர்ந்து பார்ப்பவர் கண்டுபிடிக்க மாட்டார். யாரும் பார்க்காததற்கு யார் கதை சொல்வார்கள்?

மேல்நாட்டு ஜோதிடத்தின் 'கறுப்பு நிலா லிலித்' இதே மந்தோச்சம்தான். 8.85 வருஷத்தில் ஒரு சுற்று, ஒரு ராசியில் ஏறக்குறைய ஒன்பது மாதம். லிலித் பெயர் மெசபொடேமியாவின் பழைய இரவுப் பேய்களிலிருந்து வருகிறது. இடைக்கால யூதக் கதை ஒன்றில் அவள் ஆதாமின் முதல் மனைவி. இருவரும் ஒரே மண்ணில் செய்யப்பட்டவர்கள், நான் ஏன் கீழே கிடக்க வேண்டும் என்று சண்டை போட்டு, கடவுளின் பெயரை உச்சரித்துப் பறந்து போய்விடுகிறாள். திரும்பி வா என்று மூன்று தேவதூதர்கள் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. அடங்க மறுத்த பெண், ஒதுக்கப்பட்ட ஆசை, சொல்லப்படாத கோபம் என்றெல்லாம் இன்று அந்தப் புள்ளிக்குப் பலன் சொல்வது இந்தக் கதையிலிருந்துதான்.

இங்கே கதைக்கும் புள்ளிக்கும் நடுவில் ஒரு கைமாற்றம் நடந்திருக்கிறது. 1898-இல் ஹாம்பர்க் நகரில் வால்டமத் என்பவர் பூமிக்கு இரண்டாவதாக ஒரு நிலா இருப்பதாக அறிவித்தார். அப்படி ஒன்று இல்லை. பிறகு செஃபாரியல் என்ற புனைபெயரில் எழுதிய ஆங்கில ஜோதிடர், இல்லாத அந்த நிலாவுக்கு லிலித் என்று பெயர் வைத்து ஜாதகத்தில் சேர்த்தார். நிலா போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது, பிற்பாடு சந்திரனின் தொலைவுப் புள்ளிக்கு வந்து சேர்ந்தது. போதாக்குறைக்கு 1927-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு குறுங்கோளுக்கும் லிலித் என்றே பெயர். யாராவது உங்கள் ஜாதகத்தில் லிலித் இந்த ராசியில் என்று சொன்னால், எந்த லிலித் என்று முதலில் கேட்டுவிடுங்கள். ஆனாலும் தொலைவுக்குப் போய் நிற்கும் இடத்துக்குத் தொலைந்து போன பெண் என்பது நல்ல பொருத்தம் என்பதை மறுக்க மாட்டேன். பின்னால் கண்டுபிடித்த பொருத்தம், அவ்வளவே.

கைரான் இன்னும் தெளிவான உதாரணம். அது புள்ளி அல்ல, உண்மையான பொருள். ஆனாலும் கேள்வியோடு தொடர்பு உண்டு. 1977 நவம்பர் 1 அன்று பலோமார் வானாய்வகத்தில் சார்லஸ் கோவல் கண்டுபிடித்தார். சனிக்கும் யுரேனஸுக்கும் இடையில் நீள்வட்டத்தில் ஏறக்குறைய 50 வருஷத்துக்கு ஒரு முறை சுற்றுகிறது. கிரேக்கக் கதையில் கைரான் பாதி மனிதன், பாதி குதிரை. குரோனஸின் மகன், அதாவது ரோமர்களின் சனி. அக்கிலீஸுக்கும் வைத்தியக் கடவுள் அஸ்கிலேபியஸுக்கும் ஆசான். ஹெர்குலிஸின் விஷ அம்பு தவறிப் பட்டு ஆறாத புண், சாவும் வராது. பிறர் நோயைத் தீர்த்தவன் தன் நோயைத் தீர்க்க முடியாமல் கடைசியில் சாகாவரத்தையே விட்டுக்கொடுத்தான். 'காயம்பட்ட வைத்தியன்' என்ற பலன் இதிலிருந்து வந்தது, ஐம்பது வயதில் கைரான் திரும்பி வரும், பழைய புண் திறக்கும் என்றெல்லாம் எழுதுகிறார்கள். கண்டுபிடித்தவர் வேறு பெயர் வைத்திருந்தால்? பலன் முழுவதும் மாறியிருக்கும். பொருள் அதே பாதையில்தான் போய்க்கொண்டிருக்கும். புளூட்டோவுக்கும் இதே கதைதான். 1930-இல் அந்தப் பெயரைச் சொன்னது இங்கிலாந்தில் பதினொரு வயதுப் பள்ளிச் சிறுமி. பாதாள உலகம், அழிவு, மறுபிறப்பு என்று இன்று அதற்குச் சொல்லும் பலனெல்லாம் அந்தப் பெயரோடு வந்தவை.

மாந்திக்கு வருகிறேன், நம் ஆட்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ராகுவாவது வானத்தில் ஒரு வெட்டும் புள்ளி. மாந்திக்கு வானத்தில் அதுகூடக் கிடையாது, அது ஒரு நேரம். பகலை எட்டாகப் பிரித்து, அன்றைய கிழமையின் அதிபதியில் தொடங்கி வரிசையாக ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு பங்கு கொடுத்தால், சனியின் பங்கு குளிகை. ஞாயிற்றுக்கிழமை சூரியன் முதல் பங்கு, சனி ஏழாவது. காலை 6 மணி உதயம் என்றால் மாலை 3 முதல் 4.30 வரை. காலண்டரில் போட்டிருக்கும் குளிகை நேரத்தோடு ஒத்துப் பாருங்கள், சரியாக இருக்கும். இன்னொரு வேடிக்கை, எமகண்டம் இதே கணக்கில் குருவின் பங்கு. எமன் பெயரைக் கேட்டுப் பயப்படுகிற நேரம் முழுச் சுப கிரகத்தின் நேரம்!

இந்தக் குளிகை நேரத்துக்கு உரிய புள்ளிதான் குளிகன். குளிகனும் மாந்தியும் ஒன்று என்பவர்கள் உண்டு, வேறு என்பவர்களும் உண்டு. வேறு என்பவர்கள் மாந்திக்குத் தனி நாழிகை (ஒரு நாழிகை 24 நிமிஷம்) வைத்திருக்கிறார்கள். ஞாயிறு பகல் 26, திங்கள் 22, செவ்வாய் 18 என்று நாலு நாலாகக் குறைந்து சனிக்கிழமை 2. ஞாயிறு 26 நாழிகை என்றால் உதயத்திலிருந்து 10 மணி 24 நிமிஷம், மாலை 4.24. அந்த நேரத்தில் எந்த லக்னம் உதிக்கிறதோ அந்தக் கட்டத்தில் 'மா' என்று போடுவார்கள். சித்திரை மாத நடுவில் அது கன்னியாக வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் அந்த ஊரில் பிறந்த எல்லாக் குழந்தைக்கும் மாந்தி கன்னியில்தான், லக்னம் மாறுவதால் எத்தனையாவது இடம் என்பது மட்டும்தான் மாறும்.

கதை என்ன? இந்திரஜித் பிறக்கும்போது எல்லாக் கிரகமும் பதினோராம் இடத்தில் நிற்க வேண்டும் என்று ராவணன் கட்டளை போட்டான். அப்படி நின்றால் பிள்ளைக்குத் தோல்வியே இல்லை. கடைசி நேரத்தில் சனி ஒரு காலைப் பன்னிரண்டாம் இடத்தில் வைத்துவிட்டார். ராவணன் அந்தக் காலை வெட்டினான், வெட்டிய துண்டிலிருந்து மாந்தி பிறந்தான் என்பது ஒரு வழக்கு. சனிக்கும் ஜேஷ்டா தேவிக்கும் பிறந்த பிள்ளை என்பது இன்னொன்று. கும்பகோணம் பக்கம் திருநறையூரில் சனி பகவான் இரண்டு மனைவியரோடும் மாந்தி, குளிகன் என்ற இரு பிள்ளைகளோடும் குடும்பமாகவே நிற்கிறார். இந்தக் கதையில் வானத்தின் பங்கு ஒரு துளி உண்டு. சனி ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 29.5 வருஷம் எடுக்கும் மெதுவான கிரகம், அந்த மெதுவான நடைக்கு நொண்டிக் கால் காரணம் ஆயிற்று. மற்றபடி மாந்தி சனியின் பிள்ளை என்பதற்குக் காரணம், அது சனியின் நேரப் பங்கிலிருந்து வந்தது என்பதுதான். கணக்கில் உள்ள உறவைக் குடும்ப உறவாக எழுதிக்கொண்டார்கள்.

பராசரர் பெயரில் உள்ள நூலில் இன்னும் ஐந்து உபகிரகங்கள் உண்டு: தூமன், வியதீபாதன், பரிவேடன், இந்திரதனுசு, உபகேது. சூரியன் நிற்கும் பாகையோடு 133 பாகை 20 கலை கூட்டினால் தூமன். அங்கிருந்து கழித்தும் கூட்டியும் மற்றவை வரும், கடைசி உபகேதுவோடு 30 பாகை கூட்டினால் மறுபடி சூரியனிடமே வந்துவிடும். பெயர்களில் புகையும் ஒளிவட்டமும் வானவில்லும் வால் நட்சத்திரமும் இருக்கின்றன. வானத்தில் எப்போதாவது வருகிற நிகழ்ச்சிகளின் பெயரை, எல்லா நாளும் வருகிற சூத்திரத்துக்கு வைத்திருக்கிறார்கள். கதை என்று பெரிதாக எதுவும் வளரவில்லை, அதனால் பயமும் வளரவில்லை. பார்ச்சூன் புள்ளியும் இப்படித்தான். பகல் பிறப்புக்கு லக்னத்தோடு சந்திரனைக் கூட்டிச் சூரியனைக் கழிப்பது, அதற்கு அதிர்ஷ்ட தேவதையின் பெயர். வருஷ ஜாதகம் பார்க்கும் நம் தாஜக முறையில் புண்ணிய சகமம் என்று அதுவே உட்கார்ந்திருக்கிறது.

இப்போது இரண்டாவது கேள்வி, கதையை வைத்துப் பலன் எடுக்கலாமா? பலன் பலிக்கிறதா என்பதற்குக் கதை சாட்சி ஆகாது, அதை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். ஜோதிடத்துக்குள் நின்று பேசினால், ராகு கேது போல வான நிகழ்வோடு கதை ஒட்டியிருக்கும் இடத்தில் அந்தக் கதை நல்ல நினைவுக் குறிப்பு, புள்ளி என்ன செய்கிறது என்பதை மறக்க விடாது. பெயரோடு வந்த கதையில் அந்தப் பிடி இல்லை. அது மேல்நாட்டுக் குறை என்று நாம் மார்தட்டிக்கொள்ளவும் முடியாது. காலசர்ப்ப தோஷத்தைப் பாருங்கள். ஏழு கிரகமும் ராகுவுக்கும் கேதுவுக்கும் நடுவே ஒரே பக்கம் அடைபட்டால் பாம்பின் வாயில் சிக்கிய ஜாதகம் என்கிறார்கள். வராகமிகிரரிடம் இது கிடையாது. பராசரர் பெயரில் உள்ள நூலிலும் இந்தப் பெயரில் இப்படி ஒரு தோஷம் கிடையாது. பாம்பு என்ற உருவம் முதலில் இருந்தது, பிறகு அதற்கு வாயும் வயிறும் வைத்துப் பயத்தைப் பின்னால் கோத்தார்கள். சந்திரன் தவிர மற்ற ஆறும் ஒரு பக்கம் நிற்கும் மாதங்களில், சந்திரன் அந்தப் பக்கம் இருக்கும் ஏறக்குறைய இரண்டு வாரம் முழுக்க, உலகத்தில் பிறக்கிற அத்தனை குழந்தைக்கும் இந்தத் தோஷம் உண்டு. பரிகாரத்துக்குக் கிளம்பும் முன் அந்த இரண்டு வாரத்தில் பிறந்து நன்றாக இருப்பவர்கள் உங்கள் சுற்றத்தில் எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள்.